கவுளி சொன்ன கல்யாணம்

"பல்லி போட்டு விடும்மா" என்று அக்கா சொன்னபோது குமுதவல்லியின் மடியில் ஆல்பம் மயில் பக்கத்தில் திறந்து கிடந்தது. மயிலைத்தான் அவள் நாலு தடவை காட்டியிருந்தாள். பாருக்கா தோகை எப்படி வளைஞ்சு வருது, உன் கைக்கு அம்சமா இருக்கும் என்று, ஏதோ ஜவுளிக்கடையில் புடவை பார்க்க உட்கார்ந்திருக்கிற மாதிரி. ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணி. தில்லைநகரில் ஒரு செல்போன் கடைக்கு மேலே, ஏ.சி. போட்ட சின்ன அறை. ஐம்பது வயது முடிந்த அக்கா அமிர்தவல்லி பச்சை குத்திக்கொள்ள உட்கார்ந்திருக்கிறாள், நாற்பத்தாறு வயதுத் தங்கை துணைக்கு வந்திருக்கிறாள். பெங்களூரில் வேலை பார்க்கிற அக்கா மகள் தேன்மொழி ஃபோனிலேயே எல்லா ஏற்பாடும் செய்துவிட்டாள். ஐம்பதாவது பிறந்தநாளுக்கு என்னம்மா வேணும் என்று கேட்டாளாம், அக்கா யோசிக்கக்கூட இல்லையாம், டாட்டூ என்றாளாம். அடேயப்பா! ஒரு மூக்குத்தி மாற்ற மூன்று வருஷம் யோசித்தவள். ஏதாவது மிருகம் போட்டுக்கோ, பேரு கீரு வேண்டாம் என்று மகள் கண்டிஷனாகச் சொல்லியிருந்தாள், அதுவும் நியாயம்தான், அக்கா கையில் எழுதிக்கொள்ள யார் பேர் இருக்கிறது. கடைக்காரப் பெண் பிரிசில்லாவுக்கு முப்பத்தைந்து இருக்கும். இரண்டு முழங்கையிலும் இடமில்லாமல் பூவும் மீனும். சிங்கம் காட்டினாள், சிங்கம் நமக்கு எதுக்கும்மா என்றாள் அக்கா. புலி, குதிரை, ஓநாய். ஓநாயா, சீச்சீ. பட்டாம்பூச்சி எல்லாரும் போடுவாங்க என்றபோது, எல்லாரும் போடுறது வேண்டாம் என்று ஆல்பத்தைத் தங்கை பக்கமே தள்ளிவிட்டாள். அதற்கப்புறம்தான், கைப்பையை மடியில் நேராக வைத்துக்கொண்டு, எப்பவோ முடிவு பண்ணின மாதிரி நிதானமாக, அந்தப் பேரைச் சொன்னாள். குமுதாவுக்குக் காது மடல் இரண்டும் சுட்டது. ஏ.சி. காற்று நேராக முகத்தில் அடித்துக்கொண்டிருந்தும் சுட்டது.

"பல்லியா?" பிரிசில்லாவுக்குச் சிரிப்பு. "நம்ம ஆளுங்க யாரும் போட மாட்டாங்க ஆன்ட்டி. மேல விழுந்தாலே தலைக்குக் குளிக்கிறவங்க, கையிலயே ஒட்டிக்குவாங்களா?" ஆன்ட்டி இல்ல, அக்கான்னு கூப்பிடு என்று முதலில் அதைத் திருத்திவிட்டு, அக்கா கதை சொல்ல ஆரம்பித்துவிட்டாள். அக்காவா இப்படிப் பேசுகிறாள்? ஒரு வருஷமாக, அத்தான் போனதிலிருந்து, ஆட்டோக்காரரோடு பேசுகிறாள், காய்காரம்மாவோடு பேசுகிறாள், பஸ்ஸில் பக்கத்து சீட்டில் யார் உட்கார்ந்தாலும் பேசுகிறாள். இப்போது இந்தப் பெண்ணிடம், என் கல்யாணத்தை முடிவு பண்ணினதே பல்லிதாம்மா, எங்க அப்பா கவுளின்னுதான் சொல்வாரு, நடுக்கூடத்துல எல்லாரும் உக்காந்து பேசிட்டு இருக்காங்க, இந்த இடத்தை முடிச்சுடலாமான்னு அப்பா கேக்குறாரு, டக்குனு சுவத்துலேர்ந்து ச்சு ச்சு ச்சுன்னு ஒரு சத்தம், அவ்வளவுதான், கவுளியே சொல்லிருச்சுன்னு தேதி குறிச்சுட்டாங்க என்கிறாள். "இனிமே என் கையிலயே ஒண்ணு இருக்கட்டும். நான் ஒண்ணு சொன்னா ஆமான்னு சொல்ல ஒரு ஆளு வேணும்ல?" பிரிசில்லா ரொம்ப ரசித்தாள். ஐயோ, செம கதைக்கா என்றாள். குமுதா தரையைப் பார்த்தாள். தரையில் ஒன்றுமில்லை, டைல்ஸ், ஒரு பஞ்சுத் துணுக்கு. எந்தச் சுவரில் இருந்தது பல்லி? எந்தச் சுவரிலும் இல்லை. துறையூர் வீட்டின் நடுக்கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவே இருந்த கதவுக்குப் பின்னால், ஒரு கால் மேல் இன்னொரு காலை வைத்துக்கொண்டு, இருபது வயதில் ஒரு கழுதை நின்றுகொண்டிருந்தது. அது நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி, கொஞ்சம் இடது பக்கமாகத் தள்ளி, மூன்று தடவை உறிஞ்சி இழுத்தது. அதுதான் கவுளி. இருபத்தாறு வருஷமாக இதைத் தெரிந்த ஒரே ஆள் இதோ மயில் படத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது, ஒரு வார்த்தை சொல்லத் துப்பில்லாமல்.

காலேஜ் ஹாஸ்டலில் மணப்பாறைக்காரி ஒருத்தி கற்றுக்கொடுத்தாள். வார்டன் அம்மாள் ஒவ்வொரு தடவையும் பேச்சை நிறுத்திவிட்டு, மடக்கின விரலால் மேஜையைத் தட்டுவாள், அதைப் பார்த்து இவர்கள் தலையணையைக் கடித்துக்கொண்டு சிரிப்பார்கள். வீட்டில் யாருக்கும் தெரியாது. லீவுக்கு வந்தவள் அம்மாவை ஏமாற்றவென்று பத்திரமாக வைத்திருந்தாள், அவ்வளவுதான். அந்தச் சாயங்காலம் மாமா வந்திருந்தார், அம்மாவின் தம்பி, அவர்தான் இடம் கொண்டுவந்தவர். பெரம்பலூர் மாப்பிள்ளை. பெண் பார்க்க வந்த அன்று முழுசாக ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்து ஒரு வார்த்தை பேசவில்லை, தண்ணீர் வேணுமா என்று கேட்டதற்குக்கூட அவருடைய அம்மாதான் பதில் சொன்னாள். அதுதான் அப்பாவுக்கு உறுத்தல். பையன் வாயே திறக்கலையேய்யா என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார். அமைதியான பையன் கிடைக்கிறது இந்தக் காலத்துல குதிரைக்கொம்பு மச்சான் என்று மாமாவும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். இப்படியே ஒன்றரை மணி நேரம். அக்கா கதவு நிலையோரம் பாயில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள், ஒன்றும் சொல்லவில்லை, அவள் எப்போதுமே அப்படித்தான், ஊமைக்கோட்டான் என்று அம்மாவே திட்டுவாள். கடைசியில் அப்பா பெருமூச்சு விட்டார். அப்ப முடிச்சுடலாங்கிறியா என்றார். அந்த வினாடிதான். நாக்கு தானாக மேலே போய் ஒட்டியது. தானாக என்று சொல்லக்கூடாது, நாக்கு தானாக எங்கேயும் போகாது. அம்மா சட்டென்று தரையில் மூன்று தடவை தட்டினாள். மாமா துள்ளி எழுந்துவிட்டார், பாத்தீங்களா மச்சான், கவுளியே சொல்லிருச்சு, இதுக்கு மேல என்ன வேணும். அப்பா அண்ணாந்து சுவரைப் பார்த்தார். அதோ, காலண்டருக்குப் பின்னால வாலு தெரியுது பாரு என்றார். இல்லாத பல்லிக்கு அப்பா வாலையும் பார்த்துவிட்டார். அதைக் கேட்டதும் குமுதாவுக்குச் சிரிப்பு பீறிட்டு வந்தது. பாவாடையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள். சிரித்தாள்! அதை நினைக்கும்போதுதான் இன்றைக்கும் குளிக்கிற இடத்தில், குழாயடியில், வகுப்பில் கரும்பலகையின் பக்கம் திரும்பி நிற்கிறபோது, சீ என்று வாய்விட்டுச் சொல்லிவிடுகிறாள். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள், டீச்சர் யாரைத் திட்டுறாங்கன்னு தெரியாமல் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொள்ளும்.

பிரிசில்லா கம்ப்யூட்டரில் ஒரு படம் எடுத்துக் காட்டினாள். உடம்பெல்லாம் சுழி சுழியாக, விரல் நுனியில் உருண்டை உருண்டையாக, கண் பிதுங்கிக்கொண்டு. "இது பல்லி இல்லம்மா, ஓணான்" என்றாள் அக்கா. அடுத்தது காட்டினாள். "இது முதலைக் குட்டி." எங்க வீட்டு டியூப்லைட்டுக்குப் பின்னால இருக்குமே, சாதா பல்லி, கொஞ்சம் வெளுத்தாப்புல, வயிறு தெரியுமே, அது போடு என்று பிடிவாதமாக உட்கார்ந்துவிட்டாள். பிரிசில்லா சரியென்று ஒரு தாளை எடுத்துக் கையாலேயே வரைய ஆரம்பித்தாள். இதுதான் சமயம் என்று குமுதா ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு நெருங்கி உட்கார்ந்தாள். ஏன்க்கா, யானை பாரேன், பிள்ளையார் மாதிரி மங்களகரமா இருக்கு, மான் கூட நல்லாருக்கு, பல்லி வேண்டாம்க்கா, காலத்துக்கும் அழியாது, பாக்குறவங்க என்ன நினைப்பாங்க. பாக்குறவங்க! என்ன வார்த்தை வருகிறது வாயில். யார் பார்த்தால் என்ன, அவள் பார்க்க வேண்டியிருக்குமே என்றுதானே இந்தப் பதற்றம். பொங்கலுக்குப் போனால் அந்தக் கை காபி கொடுக்கும். ஒவ்வொரு தடவையும் டம்ளருக்குக் கீழே அது இருக்கும், வாலை வளைத்துக்கொண்டு, நாலு காலால் அக்காவின் நரம்பைப் பிடித்துக்கொண்டு. அதனால் மானைப் போட்டுக்கொள் என்கிறாள். அக்காவின் ஐம்பதாவது பிறந்தநாளுக்கு அக்காவுக்குப் பிடித்ததைக்கூட எடுக்க விடாமல், தன் வசதிக்கு மான், தன் வசதிக்கு மயில். மறுபடியும் அதே வேலையைத்தானே செய்கிறாள், கதவுக்குப் பின்னால் நிற்காமல் பக்கத்தில் உட்கார்ந்து செய்கிறாள், அதுதான் வித்தியாசம். "உனக்கு யானை வேணும்னா நீ போட்டுக்கடி, உனக்கும் சேத்துச் சொல்றேன்" என்றாள் அக்கா. எங்கே போடணும் என்று பிரிசில்லா கேட்டாள். இடது மணிக்கட்டு உள்பக்கம், தலை உள்ளங்கையைப் பார்த்து இருக்கணும். குமுதா, இடது கையில பல்லி விழுந்தா கஷ்டம்னு காலண்டர்ல போட்டிருக்கும்க்கா என்று கடைசி அஸ்திரத்தையும் விட்டுப் பார்த்தாள். எந்தக் காலண்டரில் என்ன போட்டிருக்கும் என்று அவளுக்கே தெரியாது. "விழுந்தாத்தானே பலன்? நான் கூப்பிட்டு உக்கார வைக்கிறேன்" என்றாள் அக்கா. பிரிசில்லா தொடையைத் தட்டிச் சிரித்தாள்.

ஏன் செய்தாள்? இதுதான் சுற்றிச் சுற்றி வந்து முட்டுகிற இடம். முதல் கொஞ்ச வருஷம் விளையாட்டு என்று சொல்லிக்கொண்டாள். சின்னப் பெண், விளையாட்டுப் புத்தி, தெரியாமல் செய்துவிட்டாள். இருபது வயது சின்ன வயசா? பிஎஸ்ஸி கணக்கு இரண்டாம் வருஷம், வகை நுண்கணிதத்தில் எழுபத்தெட்டு மார்க். சரி, பசி. ஆமாம், பசிதான், அன்றைக்கு அம்மா கத்திரிக்காய் கொத்சு வைத்திருந்தாள், இட்லி ஈட்டில் ஆறிக்கொண்டிருந்தது, பெரியவர்கள் பேச்சு முடியாமல் யாரும் தட்டு போடக்கூடாது, ஒன்றரை மணி நேரமாக வாசனையில் நின்றவளுக்கு எப்படியாவது முடியட்டும் என்றிருந்தது. ஒரு தட்டு இட்லிக்காக அக்காவைக் கொடுத்துவிட்டாள். கேட்க எவ்வளவு கேவலமாக இருக்கிறது, ஆனால் பல வருஷம் இந்தக் காரணத்தோடு ஒருவிதமாகக் குடும்பம் நடத்தினாள், பசி வந்தால் யாருக்கும் புத்தி மழுங்கும்தானே. அப்புறம் மகன் பிறந்து, அவன் அழுகையை நிறுத்த ஒரு நாள் தன்னை மறந்து அந்தச் சத்தத்தைப் போட்டாள். குழந்தை கக்கென்று சிரித்தது, அவளுக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது, ஏனென்றால் அந்தச் சத்தத்தோடு கூடவே ஜன்னலோரக் கட்டிலும் ஞாபகம் வந்தது. துறையூர் வீட்டில் காற்று வருகிற ஒரே ஜன்னல், அதன் கீழே அக்காவின் கட்டில். அக்கா போனால் அது இவளுக்கு. அக்கா போனால்தான் இவளுடைய எம்எஸ்ஸி பற்றிப் பேச்சே எடுக்கலாம் என்று அப்பா சொல்லியிருந்தார். கட்டில் காரணமா, எம்எஸ்ஸி காரணமா, இட்லியா, அல்லது அந்தப் பெரிய மனிதர்கள் எல்லாரையும் ஒரு நாக்கால் ஆட்டி வைக்க முடியும் என்று பார்க்கிற கொழுப்பா. கொழுப்புதான். இல்லை, கட்டில். ஒவ்வொன்றையும் எடுத்து முகர்ந்து முகர்ந்து வைப்பாள். எது ஆனால் என்ன, அக்கா பெரம்பலூருக்குப் போனாள், கட்டிலில் இவள் படுத்தாள், நன்றாகத் தூங்கினாள்.

பெரம்பலூரில் என்ன நடந்தது? அடி உதை என்று இருந்திருந்தால்கூட ஊர் கூடி ஏதாவது பேசியிருக்கும். அத்தான் அடித்ததே இல்லை. குடி கிடையாது, சீட்டு கிடையாது. கல்யாணம் ஆன மூன்றாவது வருஷம், கைக்குழந்தை இருக்கும்போது, ஒரு நாள் பேச்சை நிறுத்திவிட்டார். என்ன கோபம் என்று அவரும் சொல்லவில்லை, அக்காவுக்கும் தெரியவில்லை. இரண்டு நாளில் சரியாகும் என்று இருந்தாள். இருபத்திரண்டு வருஷம் பேசவில்லை. குமுதா ஒரு தடவை போயிருந்தபோது நேரிலேயே பார்த்தாள். அத்தான் கூடத்துக்கு வந்து, ஓடுகிற ஃபேனைப் பார்த்து, நாளைக்கு அரியலூர் போறேன், சாப்பாடு வேண்டாம் என்றார். அக்கா, சரிங்க, ராத்திரிக்கு வந்துருவீங்களா என்று கேட்டாள். ஃபேன்தான் ஓடிக்கொண்டிருந்தது. தேன்மொழிக்குப் பேச்சு வந்த பிறகு அவள் நடுவில் நின்று, அப்பா கேக்குறாங்கம்மா, அம்மா சொல்றாங்கப்பா என்று இரண்டு பக்கமும் ஓடுவாள். பள்ளிக்கூடம் போன நேரத்தில் அக்கா என்ன செய்வாள் என்று குமுதா நினைத்துப் பார்த்திருக்கிறாள். பக்கத்து அறையில் ஒரு மனுஷன் பேப்பர் படித்துக்கொண்டிருக்க, தான் சொல்வது எதுவும் யார் காதிலும் போய்ச் சேராமல், ஒரு நாள், அடுத்த நாள். ஒரு தடவை அக்கா சிரித்துக்கொண்டே சொன்னாள், பல்லிக்காவது ஊர்ல மரியாதை இருக்குடி, அது வாயைத் திறந்தா எல்லாரும் கேப்பாங்க. அன்றைக்கு எழுந்து கொல்லைப்பக்கம் போய்க் குழாயைத் திறந்து முகத்தைக் கழுவிக்கொண்டாள் குமுதா. அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். அக்கா குழந்தை பெற்று ஆஸ்பத்திரியில் கிடந்தபோது சொல்லியிருக்கலாம். அத்தான் காரியத்தன்று எல்லாரும் போன பின்னால் சமையலறையில் இரண்டு பேர் மட்டும் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்களே, அப்போதாவது. வாக்கியம் தயாராகத்தான் இருக்கிறது, எத்தனையோ வருஷமாக. அக்கா, அன்னிக்குக் கத்தினது பல்லி இல்ல, நான். ஏழெட்டு வார்த்தைகூட இல்லை. வயலூர் முருகனிடம் சொல்லியிருக்கிறாள், முருகன் என்ன திருப்பிக் கேட்கவா போகிறார்.

படம் தயாராகிவிட்டது. அச்சு அசல் வீட்டுப் பல்லி, இரண்டு அங்குலம், பார்த்ததும் விளக்குமாற்றைத் தேடத் தோன்றும். அக்காவுக்கு முகமெல்லாம் மலர்ச்சி. பிரிசில்லா கறுப்புக் கையுறை மாட்டிக்கொண்டு, மணிக்கட்டைத் துடைத்து, ரோமத்தை மழித்து, நகல் தாளை ஒட்டி, ஈரத் துணியால் ஒற்றி, மெல்ல உரித்தாள். ஊதா நிறத்தில் பல்லி வந்து உட்கார்ந்திருந்தது. இது பத்து நிமிஷம் காயணும்க்கா, இப்ப பிடிக்கலேன்னாக்கூடச் சொல்லுங்க, துடைச்சுடலாம், ஊசி வச்சுட்டா அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டு உள்ளே மை எடுக்கப் போனாள். பத்து நிமிஷம். துடைத்துவிடலாம். கடவுளே உட்கார்ந்து நேரம் குறித்துக் கொடுத்த மாதிரி அல்லவா இருக்கிறது, சொல்லித் தொலையேன். அக்கா என்றாள் குமுதா. என்னடி? ஒண்ணுமில்ல, வலிக்குமா இருக்கும். வலிச்சா வலிக்கட்டும், பிள்ளை பெத்த உடம்புதானே. சுவர்க் கடிகாரத்தில் ஏழு நிமிஷம். சொன்னால் என்ன ஆகும்? அக்கா அந்தக் கையைப் பார்ப்பாள். அப்புறம் இவளைப் பார்ப்பாள். அந்த இரண்டுக்கும் நடுவே இருக்கிற நேரத்தைத்தான் குமுதாவால் தாங்க முடியாது, அதற்கப்புறம் திட்டட்டும், அறையட்டும், வீட்டுப் படி ஏறாதே என்று சொல்லட்டும். சொல்லாவிட்டால்? இவளுடைய பொய்யை அக்கா தன் தோலில் ஏற்றிக்கொண்டு, தீயில் வேகிற நாள் வரைக்கும் போகிற இடமெல்லாம் கதை சொல்லிக்கொண்டு திரிவாள், இதோ பாரும்மா, இதுதான் என் கல்யாணத்தை முடிச்சது. கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். ஐந்து நிமிஷம். வகுப்பில் பொய் சொல்கிற பிள்ளையைக் கண்ணைப் பார்த்தே பிடித்துவிடுவாள், எழுந்து நில்லு, உண்மையைச் சொன்னா டீச்சர் அடிக்க மாட்டேன் என்பாள். என்ன வாய்! அக்கா என்றாள் மறுபடியும். அக்கா ஜன்னல் வழியாக எதிர்க்கடையில் கரும்பு பிழிகிறதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முடிஞ்சதும் ஜூஸ் சாப்பிடுவோம்டி, இஞ்சி போடச் சொல்லி என்றாள். ம் என்றாள் குமுதா. பிரிசில்லா வந்துவிட்டாள்.

மெஷின் சத்தம் பல் ஆஸ்பத்திரிச் சத்தம் மாதிரி. அக்கா வலது கையை நீட்டினாள், பிடிச்சுக்கோடி என்றாள். குமுதா இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அக்காவின் உள்ளங்கை சொரசொரவென்று, சூடாக, பயத்தில் கொஞ்சம் வேர்த்திருந்தது. பயம் இருக்கத்தான் செய்கிறது, வெளியே காட்டிக்கொள்ளவில்லை, அதுவும் இவளை நம்பித்தானே கையைக் கொடுத்திருக்கிறாள். வாலிலிருந்து ஆரம்பிக்கிறேன்க்கா என்று பிரிசில்லா குனிந்தாள். ஊசி பட்டதும் அக்கா ஸ் என்று இழுத்துக்கொண்டு இவள் விரல்களை நெரித்தாள். கறுப்பாக ஒரு கோடு. துடைத்தால் போகாத கோடு. பிரிசில்லா துடைத்துக் காட்டினாள், வால் நுனி முடிஞ்சுதுக்கா, நிஜப் பல்லிக்கு வால் அறுந்தா முளைக்கும், இதுக்கு அறுக்கவே முடியாது. இரண்டு பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைக் கேட்டதும் பாவாடையை வாயில் அடைத்துக்கொண்டு நின்றவள் கண்ணுக்கு முன்னாலேயே வந்து நின்றாள், வாய் தானாகத் திறந்தது. "அக்கா, அன்னிக்குக் கத்தினது பல்லி இல்ல. நான்."

பிரிசில்லா ஊசியைத் தூக்கிக்கொண்டாள். என்னடி என்றாள் அக்கா. நான்தான்க்கா, நாக்கால, சமையலறைக் கதவுக்குப் பின்னால நின்னு, ஹாஸ்டல்ல கத்துக்கிட்டேன், அப்பா கேட்டப்ப நான்தான் அந்தச் சத்தத்தைப் போட்டேன், சுவத்துல எதுவுமே இல்ல. எவ்வளவு வருஷமாக வரிசையாக அடுக்கி வைத்திருந்தது, எல்லாம் ஒன்றன் மேல் ஒன்றாக விழுந்தது, பசி, கட்டில், எம்எஸ்ஸி, கடைசியில் மூக்கு ஒழுக, "என்னாலதான்க்கா உன் வாழ்க்கையே போச்சு" என்று தேம்பினாள். அக்கா அந்தக் கையைப் பார்த்தாள். அப்புறம் இவளைப் பார்த்தாள். அப்புறம் சிரித்தாள், நிஜமாகவே, ஒரு தடவை. "நீயா? நல்லாத்தான் கத்தியிருக்கே. அப்பாவுக்கு வாலெல்லாம் தெரிஞ்சுதேடி." பிரிசில்லா யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் மைக் கிண்ணத்தைப் பார்த்தாள். அக்காவின் சிரிப்பு மெல்ல இறங்கிப் போய்விட்டது.

"இரு. இருபத்தாறு வருஷமா இதையா வச்சுக்கிட்டு இருந்தே?" என்றாள். குமுதா தலையை ஆட்டினாள். "உன் நாக்காலதான் என் வாழ்க்கை போச்சுன்னு? போடி இவளே. பல்லி கத்தாட்டியும் மாமா மறுநாள் வந்திருப்பாரு, கிளி ஜோசியம் பாத்திருப்பாரு, பூக்கட்டிப் போட்டிருப்பாரு. அவங்களுக்கு ஒரு சத்தம் வேணும், எங்கேர்ந்து வந்தா என்ன." அப்படியே விட்டிருக்கலாம். குமுதாவுக்கு ஒரு வினாடி, ஒரே ஒரு வினாடி, நெஞ்சில் இருந்த கல் நகர்கிற மாதிரிகூட இருந்தது. அக்கா விடவில்லை, குரலை உயர்த்தவும் இல்லை. "அதுக்கு மொத நாள் மொட்டை மாடில கூழ்வத்தல் எடுத்துக்கிட்டு இருந்தோம், நீயும் நானும். எனக்கு இந்த ஆளு வேண்டாம்டி, பயமா இருக்கு, நீ சொன்னா அப்பா கேப்பாரு, நீ சொல்லுன்னு உன்கிட்டச் சொன்னேன். ஒரு தடவை இல்ல, மூணு தடவை சொன்னேன். நீ ம்னே. மறுநாள் அப்பா கேட்டப்போ நீ கதவுக்குப் பின்னால நிக்கிறது எனக்குத் தெரியும். வந்து சொல்லிருவேன்னு அந்தக் கதவையேதான் பாத்துக்கிட்டு இருந்தேன்."

கூழ்வத்தல் ஞாபகம் இருக்கிறது. வெயில் ஞாபகம் இருக்கிறது, பழைய வேட்டியின் பின்பக்கம் தண்ணீர் தெளித்து வத்தலை உரித்தது, ஓரத்தில் வேகாத மாவு போல ஒட்டிக்கொண்டிருந்ததை எடுத்துத் தின்றது, அதன் சீரக ருசி. அக்கா எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறாள், நீலத் தாவணி, அவள் வாய் அசைகிறதா? அசைந்திருக்க வேண்டும். குமுதா அந்த மொட்டை மாடி முழுக்கத் தேடினாள், வேட்டியைத் தூக்கிப் பார்த்தாள், கைப்பிடிச் சுவரோரம், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால். எல்லாம் இருந்தது, அந்த வார்த்தைகள் இல்லை. தலையைக் குனிந்துகொண்டு ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்திருந்த அக்கா, இவ்வளவு நாள் நெஞ்சில் வைத்துக் கும்பிட்டு அழுத அந்த அக்காவை யார் உட்கார வைத்தது, இவளேதான். எத்தனை காரணம் தேடியிருக்கிறாள், இட்லி வரைக்கும் போயிருக்கிறாள், இதைத் தேடவே இல்லையே. இதற்கு வாக்கியம் எதுவும் தயாராக இல்லை. பொய் சொல்லலாம், ஆமாக்கா ஞாபகம் இருக்கு, பயத்துல சொல்லலைன்னு சொல்லலாம், அது எவ்வளவோ மேல். "ஞாபகமே இல்லக்கா" என்றாள். அது நிஜம். அதைச் சொல்லும்போது வந்த வெட்கத்தில் அக்காவின் முகத்தை அவளால் பார்க்க முடியவில்லை. அக்கா வலது கையை இவள் பிடியிலிருந்து எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். இடது கையை பிரிசில்லாவின் பக்கம் இன்னும் கொஞ்சம் நீட்டினாள்.

"இருக்காது" என்றாள். "காதுல வாங்கியிருந்தாத்தானே இருக்கும்."